இரண்டாவது திரையும் ஒரு நிமிடக் கோணமும்

கணிப்பொறிக்கு ஒரு மானிட்டர் வேண்டும் என்று கடையில் கேட்டால், "எத்தனை அங்குலம்?" என்பதுதான் எதிரே வரும் முதல் கேள்வி. அங்குலம் ஏற ஏற விலையும் ஏறும். துணி வாங்குவதற்கு இந்த முறை பொருந்தும். திரை வாங்குவதற்கு அது போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் முக்கோணவியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் விண்டோஸ் இயங்கும் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது; அதன் திரை பழுதாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் அக்காவிடம் 13.3 அங்குல மேக்புக் மடிக்கணினி இருக்கிறது. அக்காவுக்குப் பாடக் குறிப்புகளை ஒரு திரையிலும் எழுதும் கட்டுரையை மறு திரையிலும் வைத்துக்கொள்ள ஆசை. ஆகவே மடிக்கணினிக்கு இரண்டாவது திரையாகவும், பழைய கணிப்பொறிக்கு ஒரே திரையாகவும் உதவும்படி ஒரு மானிட்டர் வாங்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. அதோடு, பல ஆண்டுகளுக்குத் தினமும் சில மணி நேரம் இரண்டு பேருடைய கண்கள் அதில் உழைக்கப் போகின்றன.

அங்குலம் சொல்லாதது

திரையின் அங்குலக் கணக்கு அதன் மூலைவிட்டத்தின் நீளமே. அகலமோ பரப்போ அன்று. 19 அங்குலத் திரைகள் இரண்டைப் பாருங்கள். ஒன்றில் அகலமும் உயரமும் 5 : 4 என்ற விகிதம், பழைய அலுவலகங்களில் காணும் சதுரம் போன்ற திரை அது. மற்றொன்று 16 : 9. பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் முதலாவதன் பரப்பு 176 சதுர அங்குலம், இரண்டாவதன் பரப்பு 154 சதுர அங்குலம் என்று வரும். பெயர் ஒன்று, பரப்பு வேறு!

பரப்பைக் காட்டிலும் முக்கியமானது அந்தப் பரப்பில் எத்தனை படப்புள்ளிகள் இருக்கின்றன என்பது. பிக்சல் எனப்படும் இந்தப் புள்ளிகள் கட்டம் போட்ட தாளில் உள்ள கட்டங்களைப் போலத் திரையில் நிலையாக அமைந்தவை. 24 அங்குலத் திரை ஒன்றின் அகலம் 53.1 செ.மீ. அந்த அகலத்தில் 1920 புள்ளிகள் இருந்தால், ஒரு புள்ளியின் அகலம் 0.277 மி.மீ. இது பெரிதா, சிறிதா? கண்ணைக் கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கண்ணின் அளவுகோல்

ஒரு பாகையை 60 பங்கிட்டால் வருவது ஒரு நிமிடக் கோணம். குறையில்லாத கண் ஏறத்தாழ ஒரு நிமிடக் கோணம் அளவுள்ள நுட்பங்களைப் பிரித்தறியும். நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டை இன்றும் கண் மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகிறதே, அதன் அடிப்படையும் இதுதான். 6/6 பார்வைக்குரிய வரியின் எழுத்துகளில் ஒவ்வொரு கோட்டின் தடிமனும் 6 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு நிமிடக் கோணமாகத் தெரியும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் 1 மி.மீ. தடிமனுள்ள கறுப்புக் கோடுகள் பத்தினை, 1 மி.மீ. இடைவெளி விட்டு வரையுங்கள். தாளைச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டி, நல்ல வெளிச்சத்தில் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து செல்லுங்கள். ஏதோ ஓரிடத்தில் கோடுகள் மறைந்து சாம்பல் நிறப் பட்டை ஒன்றே தெரியும். அந்த இடம் சுமார் 3.4 மீட்டரில் இருந்தால் உங்கள் பகுதிறன் ஒரு நிமிடம். கூர்மையான இளங்கண்கள் இன்னும் சில அடி பின்னால் போகும். கண்ணாடி அணிபவர்கள் அணிந்தும் கழற்றியும் செய்து பார்க்கலாம்.

1 மி.மீ. அகலமுள்ள பொருள் ஒரு நிமிடக் கோணமாகத் தெரியும் தொலைவு 3438 மி.மீ. ஆகவே எந்தப் புள்ளியின் அகலத்தையும் 3438-ஆல் பெருக்கினால், அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் கலந்துவிடும் தொலைவு கிடைக்கும். இந்த ஒரு பெருக்கல்தான் கடையில் நமக்கு வேண்டிய ஆயுதம்.

மேலே சொன்ன 24 அங்குலத் திரைக்கு இது 95 செ.மீ. அதே 1920 × 1080 புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் ஒரு புள்ளி 0.311 மி.மீ.; தொலைவு 107 செ.மீ. 27 அங்குலத்தில் 2560 × 1440 என்றால் 80 செ.மீ. அதே 27 அங்குலத்தில், 4 கே என்று விற்கப்படும் 3840 × 2160 என்றால் 54 செ.மீ. அக்காவின் மடிக்கணினியில் 2560 × 1600 புள்ளிகள் உள்ளன. அதற்கு வெறும் 38 செ.மீ.

நாம் மேசைத் திரையைப் பார்ப்பது சுமார் 60, 65 செ.மீ. தொலைவிலிருந்து. 27 அங்குலமும் 1920 × 1080-ம் சேர்ந்த திரை பெரிதாகவும் இருக்கும், விலையும் மலிவாக இருக்கும். ஆனால் எழுத்தைப் படிப்பதற்கு அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அது சற்றுத் தள்ளி அமர்ந்து படம் பார்க்கவே ஏற்றது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 10 புள்ளி அளவுள்ள அச்செழுத்துக்கு ஒதுக்கப்படும் உயரம் சுமார் 3.5 மி.மீ. 0.277 மி.மீ. புள்ளிகளுள்ள திரையில் அது 13 படப்புள்ளிகள்தான். மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கும், கீழே உகரத்தின் காலுக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடலுக்கு ஏழெட்டே மிஞ்சும். அதற்குள் 'ன'கரத்தின் சுழிகளும் 'ண'கரத்தின் சுழிகளும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கோட்டிற்கும், கோடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு வெண்மைக்கும் குறைந்தது ஒரு படப்புள்ளியாவது வேண்டுமன்றோ? இல்லாவிட்டால் 'பனி' எது, 'பணி' எது என்று இடம்பார்த்து ஊகிக்க வேண்டியதாகிவிடும். 4 கே திரையில் அதே எழுத்துக்குச் சுமார் 23 படப்புள்ளிகள் கிடைக்கின்றன.

இரண்டு இயந்திரங்கள், இரண்டு பழக்கங்கள்

1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணிப்பொறியில் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். அச்சுத் தொழிலின் அளவும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால், தாளில் வரும் அளவே திரையிலும் தெரிந்தது. விண்டோஸோ 96 என்று வைத்துக்கொண்டது. தாளைவிடத் திரை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தொலைவில் இருக்கிறது, ஆகவே எழுத்தையும் அவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பது அதன் வாதம். 72-ஐ 4/3-ஆல் பெருக்கிப் பாருங்கள். இங்கும் கோணக் கணக்குதான்!

இன்றும் இவை இரண்டும் வேறு வழிகளில் செல்கின்றன. நெருக்கமான புள்ளிகளுள்ள திரையில் விண்டோஸ், எழுத்தை 125, 150 விழுக்காடு என்று நேரடியாகப் பெரிதாக்கி வரைகிறது. பழைய மென்பொருள்கள் சில மட்டும் மங்கலாகத் தெரியும். மேக் முதலில் சரியாக இரட்டிப்பாக வரைகிறது. 27 அங்குல 4 கே திரையில் 2560 × 1440-க்குரிய எழுத்து அளவைக் கேட்டால், அது 5120 × 2880 புள்ளிகளில் படத்தை வரைந்து, பிறகு முக்கால் பங்காகச் சுருக்கி அனுப்பும். சுருக்குவதில் கூர்மை சிறிது குறையும். புள்ளிகள் நுண்ணியவை என்பதால் பெரும்பாலோர்க்கு அது உறுத்தாது.

கம்பி வழியே எவ்வளவு?

திரை நல்லதாக இருந்தால் போதாது; படம் அதுவரை வந்து சேர வேண்டும். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட். 4 கே திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க, 3840 × 2160 × 24 × 60, அதாவது சுமார் 1,194 கோடி பிட்டுகள் ஒவ்வொரு நொடியும் கம்பியில் ஓட வேண்டும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையில் படத்திற்குக் கிடைப்பது 816 கோடி. அதனால் அந்த வழியில் 4 கே படம் நொடிக்கு 30 முறைதான் வரும். சுட்டியை அசைத்தாலே தடங்கல் தெரியும். 2013-இல் வந்த 2.0 முறை 1,440 கோடியைத் தாங்கும். பழைய கணிப்பொறி 1.4-ஐ மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. 1920 × 1080 படத்தை அனுப்பினால் 4 கே திரையில் ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளிகள் என்று மிச்சமின்றிப் பிரிந்துவிடும். சில மானிட்டர்கள் அப்போதும் சற்று மழுக்கிக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் 2560 × 1440 திரையில் ஒரு புள்ளிக்கு ஒன்றேகால் என்றும் இல்லாமல், ஒன்றரை என்றும் இல்லாமல், அகலவாட்டில் 1.33 என்று பின்னத்தில் விழுகிறது. பின்னப் புள்ளியை எப்படி ஒளிரச் செய்வது? பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துதான். எழுத்தின் ஓரங்கள் கரைந்துபோவது அதனால்தான்.

நீல நிற வி.ஜி.ஏ. செருகுமுனை மட்டுமே உள்ள கணிப்பொறியாயின், அது அனுப்புவது எண்கள் அல்ல, ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை எண்ணாக மாற்றும் மின்சுற்று உள்ள கருவி தேவை; வெறும் கம்பி உதவாது. மடிக்கணினிகளின் யு.எஸ்.பி. சி முனையிலும் எச்சரிக்கை வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா முனைகளும் படத்தை அனுப்புவதில்லை.

எங்கே வைப்பது?

மடிக்கணினியை 40 செ.மீ. தொலைவிலும் மானிட்டரை 70 செ.மீ. தொலைவிலும் வைத்தால், பார்வை இங்குமங்கும் திரும்பும்போதெல்லாம் கண்ணின் லென்ஸ் தன் திறனை மாற்றியாக வேண்டும். 1/0.4 என்பது 2.5 டயாப்டர், 1/0.7 என்பது 1.4. வித்தியாசம் ஒரு டயாப்டருக்கும் சற்று மேல். உங்கள் வயதில் அது ஒரு பொருட்டன்று. நாற்பதைக் கடந்த என் போன்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆகவே மடிக்கணினியை நான்கு புத்தகங்களின்மேல் உயர்த்தி, தனி விசைப்பலகை இணைத்து, இரண்டு திரைகளையும் சுமார் 65 செ.மீ. தொலைவில் வைப்பதே நல்லது. ஒரே தொலைவில் அருகருகே வைக்கும்போதுதான் கூர்மை வேறுபாடு கண்ணில் படும், 54 செ.மீ. கணக்குள்ள திரை அங்கே தப்பிவிடும், 95 செ.மீ. திரை மாட்டிக்கொள்ளும்.

நமது வீட்டிற்கு, என் கணக்குப்படி, 27 அங்குல 4 கே திரையே ஏற்றது. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால், 24 அங்குலமும் 1920 × 1080-ம் உள்ளதை வாங்கி, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, 75 செ.மீ. தள்ளி வையுங்கள், நடுவிலுள்ள 2560 × 1440 அந்தப் பழைய கணிப்பொறிக்கு ஒத்துவராமல் போகலாம். நொடிக்கு 144 முறை, 100 கோடி நிறங்கள் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பவை விளையாட்டுக்கும் படத் தொழிலுக்கும் உரியவை. பாடம் படிப்பவர் அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவும், 'பனி', 'பணி', 'மனம்', 'மணம்' என்று சிறிய எழுத்தில் தட்டச்சு செய்த கோப்பு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். திரையில் அதைத் திறக்கச் சொல்லி, 65 செ.மீ. அளந்து நின்று படியுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.