பெரியவங்களுக்கு மேல்தாடையை அகலப்படுத்த ஏன் ஆபரேஷன்?

நாக்கு நுனியால் மேல் அண்ணத்தின் நடுவே தடவிப் பாருங்க. முன்னிருந்து பின்னாக ஒரு கோடு தட்டுப்படும். மேல்தாடை ஒரே எலும்பு இல்லை. இரண்டு பாதிகள் சேரும் இடம் அது.

சின்ன வயசில் அந்த இணைப்பு இளகியிருக்கும். 1860ல் சான் பிரான்சிஸ்கோவின் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் டாக்டர், 14 வயசுப் பெண்ணின் அண்ணத்தில் திருகு வைத்து இரண்டே வாரத்தில் தாடையை விரித்ததாக எழுதினார். அன்றைக்குப் பலர் நம்பலை. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு இது சாதாரணச் சிகிச்சை.

வளர்ந்த பிறகு கதை வேற. இணைப்பின் இரு ஓரமும் ஜிப் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுகிவிடும். கன்ன எலும்பும் பின்பக்க எலும்பும் சேர்ந்து முட்டுக்கொடுக்கும். அப்போ திருகை முடுக்கினால் எலும்பு நகராது, பற்கள்தான் வெளிப்பக்கமாகச் சாயும். ஈறு இறங்கலாம், பல் வேர் எலும்பை விட்டு வெளியே தள்ளப்படலாம்.

அதனால்தான் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, மேல் உதட்டுக்கு உள்பக்கமாகவே கீறுவாங்க. முகத்தில் தழும்பு வராது. முட்டுக்கொடுக்கும் எலும்புகளையும் நடுக்கோட்டையும் வெட்டித் தளர்த்துவாங்க. சுமார் 5 முதல் 7 நாள் கழித்து, வீட்டிலேயே சாவி போட்டுத் திருகணும். பெரும்பாலும் நாளைக்கு அரை மில்லிமீட்டர். கொஞ்ச நாளில் முன்பற்கள் நடுவே சந்து விழும். பயப்படாதீங்க, எலும்பு விலகுதுன்னு அதுதான் அத்தாட்சி. அந்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து இறுக சில மாதம் ஆகும். அதுவரை கருவி வாயிலேயே இருக்கணும். பிறகு கிளிப் போட்டுச் சந்தை மூடுவாங்க.

இளவயசுக்காரங்க சிலருக்கு, அண்ண எலும்பிலேயே குட்டித் திருகாணிகளை இறக்கி ஆபரேஷன் இல்லாமலும் விரிக்க முடியுது. எல்லாருக்கும் அது பலிக்காது; வயசை மட்டும் வச்சு முடிவு செய்ய முடியாது, ஸ்கேன் பார்க்கணும்.

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என எங்கே காட்டினாலும் சரி, பாரிமுனைப் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் சரி, கிளிப் போடும் நிபுணர், தாடை அறுவை நிபுணர் இருவரும் சேர்ந்து பார்க்கணும். "ஒரு பிளேட் போட்டா போதும், தாடை விரிஞ்சிடும்"னு யாராவது சொன்னா, ஒரே கேள்வி கேளுங்க: "நகரப்போறது என் எலும்பா, பல்லா?"