இசையும் காட்சியும் ஒன்றும் இடம்: நார்மன் மெக்லாரனின் ‘சின்க்ரோமி’ வழி இடையூடகக் கலை

முன்னுரை

இசையையும் காட்சியையும் ஒருங்கே தரும் படைப்புகள் பலவும் இடையூடகக் கலை என்று பொதுவாகச் சுட்டப்படுகின்றன. அமெரிக்கக் கலைஞர் டிக் ஹிக்கின்ஸ் 1966-இல் வெளியிட்ட கட்டுரையால் இக்கலைச்சொல் பரவியது. ஊடகங்கள் தனித்தன்மை கெடாமல் உடன்நிற்பது கலப்பூடகம். பிரிக்க இயலாதவாறு ஒன்றுவது இடையூடகம் என அவர் வேறுபடுத்தினார். இசை, பாடல், காட்சியமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே இனங்காண இயலும் ஓபரா கலப்பூடகத்திற்குச் சான்றாகும். இவ்வேறுபாட்டை இரு படைப்புகளின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசையோடு வண்ணம் இணைதல்

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்கிரியாபின் 1910-இல் நிறைவுசெய்த ‘பிரொமீதியஸ்’ என்னும் படைப்பில், வண்ண ஒளிக்கெனத் தனி இசைக்குறிப்பு வரி ஒன்றை அமைத்தார். எனினும் 1911-இல் மாஸ்கோவில் நிகழ்ந்த அரங்கேற்றத்தில் அவ்வொளி இடம்பெறவில்லை. 1915-இல் நியூயார்க்கில் வண்ண ஒளியுடன் நிகழ்த்தப்பட்டது. இங்கு ஒலியைத் தரும் கருவிகள் வேறு. ஒளியைத் தரும் கருவி வேறு. இன்ன சுரத்திற்கு இன்ன நிறம் என்னும் பிணைப்பு இசையமைப்பாளரின் தெரிவேயன்றி, ஒலியின் இயல்பிலிருந்து பிறந்ததன்று.

கோடே ஒலியாதல்

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் 1971-இல் உருவாக்கிய ‘சின்க்ரோமி’ இதனின்று வேறுபடுகிறது. படச்சுருளின் ஓரத்திலுள்ள ஒலித்தடத்தை ஊடுருவும் ஒளியின் ஏற்றத்தாழ்வு, ஒளிமின்கலத்தால் மின்னோட்டமாக மாறிப் பின் ஒலியாகிறது. மெக்லாரன் இசைக்கருவி எதனையும் மீட்டாமல், கோடுகள் வரையப்பட்ட அட்டைகளை ஒலித்தடத்தில் ஒளிப்படமாகப் பதித்தே இசையை அமைத்தார். கோடுகள் நெருங்கினால் சுருதி உயரும், விலகினால் தாழும். அக்கோடுகளையே காட்சிப்பகுதிக்கும் பெயர்த்து வண்ணமூட்டினார். ஆகவே கண் காண்பதும் செவி கேட்பதும் ஒரே வடிவமாகும்.

இவ்வொருமை வடிவத்தளவில் நிற்பது என்பதும் கருதத்தக்கது. கோடுகளின் நிறம் ஒலியால் தீர்மானிக்கப்படவில்லை. அது கலைஞரின் விருப்பத் தெரிவு. அவ்வகையில் ‘சின்க்ரோமி’யின் வண்ணம் ஸ்கிரியாபினின் ஒளிக்கு நெருங்கியதாகிறது.

முடிவுரை

ஒரே படைப்பில் ஒரு கூறு இடையூடகமாகவும் மற்றொன்று கலப்பூடகமாகவும் அமையலாம். எனவே முழுப் படைப்பையும் ஒரு பெயரால் வகைப்படுத்துவதினும், ஒவ்வொரு கூறும் பொது மூலத்திலிருந்து பிறந்ததா, தெரிவால் இணைக்கப்பட்டதா எனப் பகுத்தறிதலே பொருத்தமான ஆய்வுமுறையாகும். இதற்குத் திரையில் தோன்றுவது மட்டும் போதாது. இலக்கமுறைப் பதிப்பில் ‘சின்க்ரோமி’யைக் காண்போர் கேட்கும் ஒலி, படச்சுருளின் கோடுகளிலிருந்து நேரே பிறப்பதில்லை. ஆதலின் படைப்பின் ஆக்கமுறையையும் மூலப்பொருளையும் அறியாத ஆய்வு, இவ்விரு வகைகளையும் ஒன்றாகவே காண நேரும்.