அடி காக்கும் கல்வி

தமிழில் 'அடி' என்னும் சொல் பாதத்தைக் குறிக்கும், அளவைக் குறிக்கும், செய்யுளின் உறுப்பையும் குறிக்கும். திருக்குறளின் முதல் அதிகாரத்துப் பத்துக் குறட்பாக்களுள் ஏழில் இறைவனின் அடியோ தாளோ பேசப்படுகிறது. அடியை இவ்வாறு போற்றிய நம்மிடையே, பாதம் பேணும் மருத்துவம் இன்னும் பரவலான தனிக்கல்வியாகவில்லை. மேலை நாடுகளில் அது 'போடியாட்ரி' என்னும் பட்டப்படிப்பு. உடலசைவை விசைகளின் வழியே ஆராயும் உயிரி இயக்கவியல் அதன் இன்றியமையாத் துணை.

இத்துறைக்குரிய அடிப்படை உண்மையொன்று தமிழ் மண்ணில் தெளிவுற்றது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் கால் தானே அழுகுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. உணர்விழந்த காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்பதை அவரும் உடன் உழைத்தோரும் காட்டினர். நோவறிந்தவர் நடையை மாற்றிக்கொள்வார். நோவறியாதவர் புண்ணின் மீதே ஊன்றுவார். எனவே, எடையைப் பாதம் முழுதும் பரப்பும் மென்மையான ரப்பர்ச் செருப்பே அங்கு மருந்தாயிற்று.

இவ்விதி நீரிழிவாளர்க்கும் பொருந்தும். நீரிழிவு நரம்புணர்வைக் கெடுக்கும். காலின் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். தஞ்சைத் தரணியில் நடவும் களையெடுப்பும் வெறுங்காலோடு சேற்றில் நிகழ்வன. சேற்றுப்புண் உழைப்போர்க்குப் பழகிய துன்பம். ஆனால் உணர்விழந்த காலில் நத்தை ஓட்டின் கீறல்கூடக் காலை இழப்பதில் முடியலாம். காலிழந்த நடவாளுக்கு மறுபருவம் கூலி ஏது?

இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற விழைவோர் ஒன்றை முன்னரே அறிதல் வேண்டும். பிரிட்டனில் முறைப்படி பதிவு பெற்றோரே தம்மைப் பாத மருத்துவர் எனக் கூறிக்கொள்ளலாம். அங்குள்ள முதுநிலைப் படிப்புகளுள் சில பதிவுக்கு வழி தரும். சில ஆய்வறிவு மட்டுமே தரும். பெருஞ்செலவு செய்யுமுன் இவ்வேறுபாட்டைக் கேட்டுத் தெளிதல் நன்று. நம் நாட்டில் இயன்முறை மருத்துவமும், செயற்கை உறுப்புகள், துணைக்கருவிகள் பற்றிய பட்டப்படிப்பும் இத்துறைக்கு ஏற்ற நுழைவாயில்கள்.

கற்கும் வாய்ப்பில்லாதோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஐவேளை ஒளுச் செய்கையில் கால் கழுவுகிறோம். கழுவியபின் விரலிடுக்கை உலர்த்தி, உள்ளங்காலை ஒருமுறை உற்று நோக்கலாம். வீட்டு முதியோர்க்கும் அவ்வாறே பார்த்து உதவலாம். அக்கல்வியின் முதற்பாடம் அதுவே.