தொலைபேசி வழியே ஒரு துணை

தேர்வுக்கு முன் உங்கள் நெஞ்சு படபடக்கிறதல்லவா? அட்ரீனலின் என்னும் ஹார்மோனின் வேலை அது. அச்சப்படும் கர்ப்பிணிக்கும் பிரசவ வலியின்போது அதுவே சுரக்கிறது. அது மிகுந்தால், ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனால் சுருங்கவேண்டிய கருப்பை தளர்கிறது, பிரசவம் நீள்கிறது.

குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 1980-இல் வெளியாயிற்று. சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணையின்றி இருந்தோருக்குப் பிரசவமாகச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆயிற்று. ஒரு பெண் அருகிருந்து கையைப் பற்றி, முதுகைத் தடவி, பேசிக்கொண்டிருந்தபோதோ 8.8 மணி நேரமே! இத்தகைய துணைப்பெண்ணை 'டூலா' என்பர். இவர் மருத்துவர் அல்லர்.

2020-இல் கொரோனா பரவியபோது பல மருத்துவமனைகள் டூலாக்களை அனுமதிக்கவில்லை. அவர்கள் தொலைபேசியில் பேசித் தைரியம் சொன்னார்கள். வெறும் குரலால் பயனுண்டா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. அந்நியர் முன் பேசியும் கணக்குப் போட்டும் பதறிய சிறுமியரிடம் தாய்மார் தொலைபேசியில் பேசினர். தாய் நேரில் அணைத்த சிறுமியருக்கு உயர்ந்ததுபோலவே இவர்களுக்கும் ஆக்சிடோசின் உயர்ந்தது!

ஆனால் குரல் முதுகைத் தடவாது, இரத்தப்போக்கைக் கவனிக்காது. ஆகவே அது மருத்துவருக்கும் செவிலியருக்கும் மாற்றாகாது; தாய்க்குக் கூடுதல் துணை.

தேர்வுக்கு முன் அம்மாவின் ஒரு சொல் ஏன் தெம்பு தருகிறது என்பது இப்போது புரிகிறதா?