பெயர்ப் பலகைக் கடைக்கு ஒரு விலைப் புத்தகம்

மும்பையின் கடைகளும் நிறுவனங்களும் மராத்தியில் பெயர்ப் பலகை வைப்பதற்கு, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் அளித்தது. மறு ஆண்டில் கர்நாடக அரசு, வணிகப் பெயர்ப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இடம்பெற வேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. இத்தகைய ஆணைகள் வரும்போது, பல மாதங்களில் வரவேண்டிய வேலை பலகைக் கடைகளுக்குச் சில வாரங்களில் வந்து குவிகிறது. ஆயினும் குவிந்த வேலை அனைத்தும் இலாபமாக மாறிவிடுவதில்லை. இத்தொழிலில் உள்ள வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பார்வையிடும் நாங்கள், விற்றுமுதல் உயர்ந்த அதே ஆண்டில் கடன் தவணைக்குத் திணறிய கடைகளையும் கண்டிருக்கிறோம்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே. விலை முழுவதும் உரிமையாளரின் நினைவில் இருக்கிறது. அவர் எங்கோ சாரத்தின் மீது நின்று பலகை பொருத்திக்கொண்டிருக்கும் வேளையில் கடைக்கு வருபவருக்கு, “முதலாளி வந்து சொல்வார்” என்பதே விடையாகக் கிடைக்கிறது. மாலையில் முதலாளி திரும்புவதற்குள் வந்தவர் அடுத்த தெருக் கடையில் முன்பணம் கொடுத்திருப்பார். அவசரத்தில் தொலைபேசியிலேயே ஒரு தொகையைச் சொல்லிவிட்டாலோ, வேலை கிடைக்கும். ஆனால் அதில் எவ்வளவு மிஞ்சியது என்பது கடைசிவரை தெரியாது.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கணினியில் இரண்டு எக்செல் பக்கங்கள் போதும். முதல் பக்கத்தில் கொள்முதல் விலைகள் மட்டும்: பிளக்ஸ், வினைல், ஏசிபி ஷீட், அக்ரிலிக், இரும்புச் சதுரக் குழாய், எல்இடி மாட்யூல், மின்வழங்கி என ஒவ்வொன்றும், வாங்கிய தேதியுடன். இரண்டாம் பக்கத்தில் கடை விற்கும் பொருள்கள். இரண்டாம் பக்கத்தில் எந்தக் கொள்முதல் விலையையும் கையால் எழுதக் கூடாது. முதல் பக்கத்திலிருந்தே அது எடுத்துக்கொள்ள வேண்டும். ஏசிபி விலை ஏறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், அதைச் சார்ந்த எல்லா விலைகளும் மாறிவிடும்.

இரண்டாம் பக்கத்தை எவ்வாறு பிரிப்பது என்பதில்தான் சிந்தனை வேண்டும். பொருளின் பெயரைக் கொண்டு பிரிப்பதைவிட, அதற்கான மூலப்பொருள் எந்த அளவில் செலவாகிறது என்பதைக் கொண்டு பிரிப்பதே நன்று. பிளக்ஸ் சுருளாக வருகிறது. வாடிக்கையாளர் கேட்பது மூன்றரை அடி அகலமும் பத்து அடி நீளமும். அதாவது 35 சதுர அடி. அச்சாவதோ நான்கடி அகலச் சுருளில். செலவாவது 40 சதுர அடி. 35க்கு விலை சொன்னால் மீதி ஐந்து கடையின் தலையில் விழுகிறது. பிளக்ஸின் தடிமனையும் இப்பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பதாகைகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது.

ஏசிபி ஷீட்டில் இழப்பு இன்னும் பெரிது. வழக்கமான ஷீட் எட்டுக்கு நான்கு அடி, 32 சதுர அடி. ஐந்துக்கு மூன்று அடிப் பலகை 15 சதுர அடிதானே, ஒரு ஷீட்டில் இரண்டு எடுக்கலாம் எனத் தோன்றும். வெட்டிப் பார்த்தால் ஒன்றுதான் வரும். மிஞ்சுவது நான்குக்கு மூன்றில் ஒரு துண்டும், ஐந்தடி நீளத்தில் ஓரடி அகலப் பட்டையும். துண்டு வேறொரு பலகைக்கு உதவும். பட்டை பெரும்பாலும் மூலையில் கிடக்கும். ஆகவே அப்பட்டையையும் சேர்த்து 20 சதுர அடிக்கு விலை வைப்பதே முறை. சதுர அடி 70 ரூபாய் எனக் கொண்டால் வேறுபாடு 350 ரூபாய். நகைக்கடைக்காரர் சேதாரத்தைக் கூச்சமின்றிக் கேட்கிறார். பலகைக் கடைக்காரர் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

தனி எழுத்துகளாக வெட்டி ஒட்டும் பலகைகள் வேறு வகை. ஆங்கில எழுத்துகளுக்கு உயரத்தை அங்குலத்தில் அளந்து, எழுத்துக்கு இவ்வளவு என விலை சொல்வது வழக்கம். அதே கணக்கை மராத்திக்குக் கொண்டு சென்றால் இடறும். தேவநாகரியில் தலைக்கோடு எழுத்துகளை இணைப்பதால், ஒரு சொல் முழுவதும் ஒரே துண்டாக வெட்டப்படலாம். அப்போது எண்ணுவதற்குத் தனி எழுத்தே இல்லை. கன்னடத்தில் ஒற்றெழுத்து அடியில் தொங்குவதால், எட்டு அங்குல எழுத்து எனப் பேசிய பலகை அதைவிடக் கூடுதல் உயரத்தைக் கேட்கிறது. எனவே இந்திய மொழி எழுத்துகளுக்கு, சொல்லைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து அதன் பரப்பிற்கும், இயந்திரம் வெட்டும் நீளத்திற்கும் விலை வைப்பதே பொருந்தும். வடிவமைக்கும் மென்பொருளிலேயே இவ்விரு அளவுகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்தும் கூலியைப் பலகை விலையுடன் கலக்கலாகாது. தரைத்தளக் கடைக்கும் மூன்றாம் மாடிக்கும், பகல் வேலைக்கும் இரவு வேலைக்கும் செலவு ஒன்றல்ல. சாரம், வாகனம், ஆட்கூலி ஆகியவை தனி வரியாக நிற்கட்டும். வரியும் அவ்வாறே.

அடுத்து, மதிப்பீட்டில் பலரும் விட்டுவிடும் செலவு. வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், இயந்திரத் தேய்மானம், வட்டி, உரிமையாளரின் சொந்த ஊதியம் எல்லாம் சேர்ந்து மாதம் 96,000 ரூபாய் என்று கொள்வோம். வாடிக்கையாளர் வேலையில் உண்மையாகச் செலவாகும் நேரம் மாதம் 400 மணி என்றால், ஒவ்வொரு மணிக்கும் 240 ரூபாய் அம்மதிப்பீட்டில் ஏற வேண்டும். உரிமையாளரின் ஊதியத்தைச் சேர்க்கச் சொன்னால் பலர் புன்னகைக்கிறார்கள். அதைச் சேர்க்காத விலை, அவர் இலவசமாக உழைக்கும் விலை.

தள்ளுபடிக்கும் ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். 10,000 ரூபாய் அடக்கத்தின் மீது 25 சதவீதம் ஏற்றி 12,500 எனச் சொல்கிறோம். வாடிக்கையாளர் பத்து சதவீதம் குறைக்கக் கேட்கிறார், 1,250 குறைகிறது. குறைந்தது விலையில் பத்தில் ஒரு பங்கு, இலாபத்தில் சரிபாதி. கல்லாவில் இருக்கும் உதவியாளருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால், எந்த எல்லைக்குக் கீழ் இறங்கக் கூடாது என்பதை முதலாளியைக் கேளாமலே அவர் முடிவு செய்வார். அளவை உள்ளிட்டதும் தொகை வந்து நிற்கும் நிலையில், பத்து நிமிடத்தில் எழுத்து வடிவில் மதிப்பீட்டைக் கொடுத்துவிடலாம்.

வங்கிக்கும் இவை பயன்படும். சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கணக்கிடும் முறை உண்டு. 60 இலட்சம் விற்றுமுதலுக்கு 12 இலட்சம். தொழில்முனைவோர் தம் பங்காக 5 சதவீதம், அதாவது 3 இலட்சம், இடவேண்டும். 60 இலட்சம் என்பதை நாங்கள் எதைக் கொண்டு நம்புவது? தேதி வாரியாக, கொடுத்த மதிப்பீடு இத்தனை, உறுதியான ஆணை இத்தனை எனக் காட்டும் கோப்பு, வாய்மொழியைவிட வலுவான சான்று.

மதிப்பீட்டின் அடியில் சில வரிகள் அவசியம்: விலை எத்தனை நாள் செல்லும், முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. உத்யம் பதிவு எண்ணையும் அச்சிட்டுவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் வாங்குபவர், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளிலும், இருப்பின் அதில் கண்ட நாளிலும் பணம் தரவேண்டும். அந்நாள் 45ஐத் தாண்டலாகாது. உற்பத்தி அல்லது சேவை நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு இக்கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கியவர் அதைச் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலும். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர் இந்த விதியை நன்கறிவர். பதிவு எண் கண்ணில் படும்படி இருந்தால் மார்ச் மாதத்தில் அவர்களே தொலைபேசியில் அழைப்பதும் உண்டு.