ஃபாக்னரின் புனைநிலமும் லஃபாயெட் கவுண்டி நீதிமன்றமும்

அமெரிக்கப் புதின ஆசிரியர் வில்லியம் ஃபாக்னர் (1897–1962) தம் புதினங்கள் பலவற்றிற்கு யோக்னபட்டாஃபா என்னும் புனைநிலத்தைக் களனாகக் கொண்டார். 1936இல் வெளிவந்த ‘அப்சலோம், அப்சலோம்!’ என்னும் புதினத்தில் அந்நிலத்தின் படத்தைத் தாமே வரைந்து சேர்த்தார். அவர் வாழ்ந்த மிசிசிப்பி மாநிலத்து லஃபாயெட் கவுண்டியே அதற்கு அடிப்படை என்பது ஆய்வாளர் பலரும் ஒப்பிய முடிபு. இவ்விரு நிலங்களின் தோற்ற ஒப்புமை பலராலும் சுட்டப்பெற்றுள்ளது. ஆயினும், அக்கவுண்டியின் ஆட்சிமுறையை அறிந்தாலன்றி அப்புதினங்களில் நிகழும் அநீதியின் வேர் விளங்காது என்பது எம் கருத்து.

முதற்கண் நிலத்தைக் காண்போம். லஃபாயெட் கவுண்டி மாநிலத்தின் வடபகுதியிலுள்ள குன்றுநிலம். வடக்கே டாலஹாச்சி ஆறும் தெற்கே யோக்கொனா ஆறும் பாய்கின்றன. பின்னதன் பழம்பெயரே புனைநிலத்தின் பெயராயிற்று. சிக்கசா பழங்குடியினர் 1832ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இழந்த நிலத்தில், 1836இல் இக்கவுண்டி அமைந்தது. தலைநகர் ஆக்ஸ்ஃபோர்டு. நகரின் நடுவே சதுக்கம். சதுக்கத்தின் நடுவே நீதிமன்றம். 1864இல் உள்நாட்டுப் போரில் வடபடையினர் அதனை எரித்தனர். போருக்குப்பின் அது மீண்டும் எழுப்பப்பெற்றது.

இனி ஆட்சிமுறை. கவுண்டியை ஆள மேலிடத்தால் அமர்த்தப்பெறும் ஆட்சித்தலைவர் ஈண்டு இல்லை. ஐந்து பகுதிகளினின்றும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு சாலை, பாலம், வரி, வரவு செலவு ஆகியவற்றை மேற்பார்க்கின்றது. காவல் தலைவரான செரீப்பும், நில ஆவணங்களைக் காக்கும் எழுத்தரும், வழக்குமன்ற எழுத்தரும் தேர்தலால் வருபவரே. இவருள் வழக்குமன்ற எழுத்தரே வாக்காளர் பெயர்களையும் பதிவு செய்பவர் என்பது கருதத்தக்கது.

1890ஆம் ஆண்டு மிசிசிப்பி அரசியலமைப்பு, வாக்காளராக விரும்புவோர் தலைவரி செலுத்துதல் வேண்டும் என்றும், அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, பிறர் படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வல்லராதல் வேண்டும் என்றும் விதித்தது. பொருள் சரியா என்று முடிவு செய்தவர் பதிவாளரே. இவ்வாற்றால் கறுப்பின மக்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். வாக்காளரே ஜூரியில் அமரலாம் என்பதும் விதியாதலின், வாக்கிழந்தோர் தம்மவர் வழக்கிற்குத் தீர்ப்புக் கூறும் உரிமையையும் இழந்தனர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இந்நிலை பெரிதும் மாறவில்லை.

இதனை அறிந்தபின் 1948இல் வெளிவந்த ‘இன்ட்ரூடர் இன் த டஸ்ட்’ புதினத்தை நோக்குவோம். வெள்ளையன் ஒருவனைக் கொன்றதாகப் பழிசுமத்தப்பெற்ற லூகாஸ் பீச்சம் சிறையிலிருக்கின்றார், கறுப்பினத்தவர். வெளியே கூட்டம் திரள்கின்றது. அவரது உயிரைக் காப்பது நீதிமன்ற விசாரணை அன்று. இரவில் கல்லறையைத் தோண்டி உண்மை காணும் சிறுவர் இருவரும் முதிய மாதொருத்தியுமே. வழக்கு மன்றமேறுமுன்பே கதை முடிகின்றது. இது கதைச்சுவைக்காக மட்டும் அமைந்தது எனல் பொருந்தாது. 1935இல் இதே ஆக்ஸ்ஃபோர்டில், ஜூரியினர் தீர்ப்பை ஆராய்ந்துகொண்டிருந்த பொழுதே, கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பல் சிறையினின்று இழுத்துச் சென்று கொன்றது. தங்கள் இனத்தவரே அமர்ந்த மன்றத்தின் தீர்ப்பிற்குக்கூட அக்கும்பல் காத்திருக்கவில்லை.

1951இல் வெளிவந்த ‘ரெக்வியம் ஃபார் எ நன்’ நூலில், காணாமற்போன பூட்டொன்றால் விளைந்த சிக்கலினின்று நீதிமன்றமும் ஊரும் தோன்றியதாக ஃபாக்னர் எழுதுகின்றார். அறத்தை நாட்டும் வேட்கையால் எழுந்தது அக்கட்டடம் என்று அவர் கூறவில்லை. சதுக்கத்தின் நடுவில் நிற்றலால் மட்டும் ஒரு கட்டடம் நீதிக்கு நடுவாகிவிடாது. பெயர்ப்பட்டியலை எழுதுபவர் யார், அதில் இடம்பெறாதவர் யார் என்று வினவிய பின்னரே அப்புதினங்களின் நீதிமன்றத்தை நாம் உள்ளவாறு காண்கின்றோம்.