கடன் வரலாறு வேண்டும், கடன் சுமை வேண்டாம்



உயர்படிப்புக்கும் வேலைக்கும் அமெரிக்கா செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. “ஒருவரிடமும் கடன்படாதவன்” என்பது நம்மிடையே ஒருவனுக்கு நல்ல பெயர். அந்நாட்டிலோ, ஒருபோதும் கடன் வாங்காதவருக்கு வாடகை வீடும் வாகனக் கடனும் கிடைப்பது கடினமாகலாம். அவர் நம்பத்தக்கவரா என்று காட்ட அங்கே எந்தப் பதிவும் இல்லை. இந்தியாவில் அவர் ஒழுங்காய்ச் செலுத்திய கடன்களின் பதிவும் தானாக அங்கே சென்று சேர்வதில்லை.

மதிப்பெண் எப்படி உருவாகிறது?

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்கள், வங்கிகள் தரும் தகவல்களைக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கடன் அறிக்கை தயாரிக்கின்றன. 1989-ல் அறிமுகமான ஃபைக்கோ மதிப்பெண் இத்தகைய அறிக்கையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அது 300 முதல் 850 வரை இருக்கும். தவணை தவறாமல் செலுத்துவதற்கு 35 சதவீதமும், நிலுவைத் தொகையின் அளவுக்கு 30 சதவீதமும், கணக்குகளின் வயதுக்கு 15 சதவீதமும், புதிதாய் வாங்கும் கடனுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10 சதவீதமும் முக்கியத்துவம் உண்டு. சம்பளம் இதில் சேராது. டெபிட் கார்டில் செய்யும் செலவும் சேராது.

ஏமாற்றும் ஓர் எண்ணம்

“மாதந்தோறும் கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் மதிப்பெண் உயரும்” என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. முழுத் தொகையையும் செலுத்துகிறவருக்கும் நல்ல வரலாறு பதிவாகிறது. பாக்கி வைக்கிறவருக்கு மிஞ்சுவது வட்டியே.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாக்கி 1,000 டாலர், ஆண்டு வட்டி 24 சதவீதம். ஒரு மாத வட்டியே ஏறக்குறைய 20 டாலர். குறைந்தபட்சத் தொகையென்று 30 டாலர் செலுத்தினால், அசலில் 10 டாலரே குறையும். குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தினால் கடன் தீர எத்தனை ஆண்டுகளாகும் என்பதைப் பில்லிலேயே அச்சிட வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டின் சட்டம் கட்டளையிட்டது. ஆகிலும் 2023-ல் அமெரிக்கர்களின் கிரெடிட் கார்டு பாக்கி முதன்முறையாக ஒரு இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

செய்ய வேண்டியவை

புதிதாய்ச் செல்கிறவர், வங்கியில் முன்பணம் கட்டிப் பெறும் கிரெடிட் கார்டுடன் தொடங்கலாம். மளிகை போன்ற சிறு செலவுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, கெடு தேதிக்குள் முழுவதையும் செலுத்த வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதங்களில் ஃபைக்கோ மதிப்பெண் உருவாகும்.

30 நாட்களுக்கு மேல் தாமதித்த தவணை, அறிக்கையில் ஏழு ஆண்டுகள் வரை நிற்கும். நண்பரின் கடனுக்காகக் கையெழுத்திட்டால், அவர் கட்டத் தவறும்போது அந்தக் கடனும் கெட்ட பெயரும் கையெழுத்திட்டவர்மேலும் விழும். ஆகவே எச்சரிக்கை தேவை. கடன் அறிக்கையை இலவசமாய்ப் பெற்றுப் பார்க்கவும், பிழையிருந்தால் திருத்தக் கேட்கவும் சட்டத்தில் உரிமை உண்டு.

பெற்றோரே, பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது சம்பளம் எவ்வளவென்று மட்டும் கேளாமல், “இம்மாதக் கார்டு பில்லை முழுவதும் கட்டிவிட்டாயா?” என்றும் கேளுங்கள்.